தெரிவுக் கடிதத்துக்கும் முதல் மகாபொலவுக்கும் இடையில்

எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானுக்கும் மாங்குளத்துக்கும் இடையில், பிரதான வீதியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமம் எங்களுடையது. அம்மா கூலி வேலைக்குப் போகிறவர். காலபோகத்தில் வயல், மற்றக் காலங்களில் கச்சான் பிடுங்குவது, உழுந்து பிடுங்குவது என்று கிடைத்த வேலையைச் செய்து என்னையும் தம்பியையும் வளர்த்தார். 2019 ஆகஸ்டில் உயர்தரப் பரீட்சை எழுதி, டிசம்பர் இறுதியில் பெறுபேறு வந்து, பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குத் தெரிவாகி, மகாபொல என்னும் பல்கலைக்கழக மாணவர் உதவித்தொகையின் முதல் கொடுப்பனவு வங்கிக் கணக்கில் விழும்வரை நாங்கள் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். பரீட்சையில் சித்தியடைவது எப்படி என்று சொல்லித்தர ஆசிரியர்கள் இருந்தார்கள். சித்தியடைந்த பிறகு என்னென்ன கடதாசிகள் வேண்டும், எவ்வளவு காசு வேண்டும், எதை எந்த மாதத்தில் செய்து முடிக்க வேண்டும் என்று சொல்வதற்கு ஒருவரும் இருக்கவில்லை. படித்தவர்கள் உள்ள வீடுகளில் இந்த அறிவு மாமா வழியாகவோ சித்தி வழியாகவோ பிள்ளைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. எங்களைப் போன்ற வீடுகளுக்கு அது வருவதில்லை. அதனால் பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் இசட் புள்ளியை ஒரே அளவில் பெற்ற இரண்டு பிள்ளைகள் ஒரே வாசலுக்கு வெவ்வேறு விலை கொடுத்து வந்து சேர்கிறார்கள். நான் கொடுத்த விலையை அடுத்த பிள்ளை கொடுக்கக் கூடாது என்பதுதான் இதை எழுதுவதற்குக் காரணம்.

முதலில் மாவட்டம் பற்றிய விடயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது உயர்தரம் தொடங்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது. எங்கள் ஊர்ப் பாடசாலையில் சாதாரண தரம் வரைதான் வகுப்புகள் இருந்தன. கணித, விஞ்ஞானப் பிரிவுகள் உள்ள 1ஏபி பாடசாலைகள் வன்னியில் ஒன்றுக்கொன்று தூரத்தில் இருப்பதால், காலை பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைக்குப் படிப்பே இல்லை என்ற நிலையில்தான் நான் உயர்தரம் படித்தேன். இணைந்த கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்ற பின் அந்த இடம் பல மாதங்கள் வெறுமையாகக் கிடந்தது. வார இறுதிகளில் கிளிநொச்சிக்குத் தனியார் வகுப்புக்குப் போனேன். அப்போது உறவினர் ஒருவர், யாழ்ப்பாணத்தில் பெரிய பாடசாலையொன்றில் சேர்த்துவிடலாம், விடுதியில் நின்று படிக்கட்டும் என்றார். அம்மாவுக்கும் ஆசைதான். வகுப்பாசிரியைதான் எங்களைக் கூப்பிட்டு விளக்கினார். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா ஆகிய நான்கும் அந்த 16 மாவட்டங்களுக்குள் இருக்கின்றன. யாழ்ப்பாணமும் அதே பட்டியலில் இருக்கிறது, ஆனால் அதன் வெட்டுப்புள்ளி, அதாவது தெரிவாவதற்குத் தேவையான ஆகக்குறைந்த இசட் புள்ளி, தனியானது. உங்கள் மாவட்டம் எது என்பதை வீட்டு முகவரியைக் கொண்டு பார்ப்பதில்லை. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தீர்கள் என்பதை வைத்தே அது தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே பாடசாலை மாறுவதற்கு முன்னர் இதைக் கட்டாயம் கணக்கில் எடுங்கள். நல்ல ஆசிரியர் கிடைப்பதால் கூடும் புள்ளி ஒரு பக்கம், மாறிப்போகும் வெட்டுப்புள்ளி மறுபக்கம். எது பெரிது என்பது பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். கலைக் கற்கைநெறிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதற்கான தெரிவு அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நடைபெறுகிறது.

பின்னாளில் பல்கலைக்கழகத்தில், "குறைந்த வெட்டுப்புள்ளி மாவட்டத்திலிருந்து வந்தவள்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இருந்தார்கள். கேட்ட அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்று அதே வார்த்தையைக் கேட்டால், இணைந்த கணித ஆசிரியர் இல்லாத அந்த மாதங்களைத்தான் அவர்களுக்கு நினைவூட்டுவேன். மாவட்ட ஒதுக்கீடு எங்களுக்குத் தரப்பட்ட தயவு அல்ல. இல்லாமற்போன ஆசிரியருக்கும் இல்லாத ஆய்வுகூடத்துக்கும் அரசு செய்யும் ஒரு சிறு ஈடு அது. அந்த இடத்தில் அமர்வதற்கு வன்னிப் பிள்ளை கூச்சப்பட வேண்டியதில்லை.

பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மாணவர் கைந்நூலை வெளியிடும். அதை முழுதாக வாசியுங்கள் என்பதுதான் விண்ணப்பம் பற்றி நான் சொல்லக்கூடிய முதல் விடயம். நான் வாசிக்கும் முன்பே ஒரு கடையில் விண்ணப்பம் நிரப்பித் தருவதாகச் சொல்லி 1,500 ரூபாய் வாங்கினார்கள். அங்கே இருந்தவர், கடந்த ஆண்டு முல்லைத்தீவுக்கு எந்தக் கற்கைநெறியின் வெட்டுப்புள்ளி என் புள்ளிக்குக் கிட்ட இருந்ததோ அதை முதலாவதாகப் போட வேண்டும், "மேலே உள்ளதைப் போட்டால் கீழே உள்ளதும் போய்விடும்" என்று உறுதியாகச் சொன்னார். அது பிழை. உங்கள் புள்ளிக்கு எட்டக்கூடிய தெரிவுகளில், உங்கள் ஒழுங்கில் எது மேலே இருக்கிறதோ அதுவே தரப்படும். மேலே போட்ட ஒன்று கிடைக்காவிட்டால் கீழே உள்ளதற்கான உங்கள் தகுதி குறைந்துவிடாது. ஆகவே உண்மையாக விரும்பும் ஒழுங்கிலேயே யூனிகோட் எண்களை, அதாவது கற்கைநெறியையும் பல்கலைக்கழகத்தையும் குறிக்கும் எண்களை, எழுத வேண்டும், கிடைத்தால் போவேன் என்று நினைக்கும் ஒவ்வொன்றையும் எழுத வேண்டும், கிடைத்தாலும் போகமாட்டேன் என்பதை எழுதவே கூடாது. நல்லவேளையாக இதைக் கைந்நூலிலேயே படித்துத் தெரிந்துகொண்டு, விண்ணப்பத்தை அனுப்பும் முன் ஒழுங்கை மாற்றினேன். அந்த ஒழுங்கு பற்றி எங்கள் வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரம், மொழிச் சிக்கல் குறைவு, செலவும் குறைவு. அம்மா அதையே விரும்பினார். நான் விரும்பிய துறைக்காகப் பேராதனையை முதலாவதாகப் போட்டேன். அதற்காக இன்று வருந்தவில்லை, ஆனால் தம்பியோ தங்கையோ படித்துக்கொண்டிருக்கும் வீட்டில் கிளிநொச்சியையோ பம்பைமடுவில் உள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்தையோ முதலாவதாகப் போடும் பிள்ளையைக் குறைவாக நினைக்கவும் மாட்டேன்.

இனிக் கடதாசிகளின் கதைக்கு வருகிறேன். பணத்தை விடவும் அதிகமாக எங்களை வதைத்தது இதுதான். உதவித்தொகைக்கான விண்ணப்பத்தில் பெற்றோரின் வருமானத்தைக் காட்ட வேண்டும். கிராம அலுவலர் உறுதிப்படுத்தி, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் பெற வேண்டும். என் அப்பா 2009 இல் காணாமற்போனவர். எனக்கு அப்போது ஒன்பது வயதுகூட நிறையவில்லை. வருமானப் படிவத்தில் தந்தையின் பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்று கேட்டு ஓர் அலுவலக மேசைக்கு முன்னால் நானும் அம்மாவும் நின்றோம். மேசையில் இருந்தவர் தலை நிமிராமலே, "அப்பாவின்ர மரணச் சான்றிதழைக் கொண்டு வாங்கோ" என்றார். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சேர், அவர் செத்தவர் எண்டு எனக்குத் தெரியாது. தெரியாத ஒண்டை நான் என்னெண்டு எழுதித் தாறது?" என்று கேட்டார். அதட்டலாகவோ அழுகையாகவோ கேட்கவில்லை, தெரியாததைக் கேட்கும் குரலிலேயே கேட்டார். அவர் படிவத்தை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அன்று திரும்பி வரும் பஸ்ஸில், எனக்குப் படிப்பே வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அப்பாவின் சாவை அம்மாவின் கையெழுத்தால் விலைக்கு வாங்கிப் படிக்க என் மனம் ஒப்பவில்லை. அம்மா எனக்குப் பதில் சொல்லாமல், மடியில் இருந்த கோப்பிலிருந்து செஞ்சிலுவைக் குழுவில் பதிந்த துண்டையும் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும் எடுத்து, நனையாமல் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி பொலித்தீன் உறைக்குள் வைத்தார்.

அதே வாயிலில் இன்னோர் அலுவலர், ஓய்வுபெறும் வயதை அண்டிய ஓர் அம்மா, வேறொரு நாள் எங்களை இருத்தி வைத்து வழி சொன்னார். காணாமற்போனவரின் குடும்பம் மரணச் சான்றிதழ் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 2016 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, மரணம் என்று எழுதாமல், ஆள் காணாமற்போயிருக்கிறார் என்பதை மட்டும் உறுதிசெய்யும் காணாமற்போனமைச் சான்றிதழ் ஒன்றைப் பெற முடியும். அதைக் கொண்டு வங்கி, காணி, உதவித்தொகை போன்ற அலுவல்களைப் பார்க்கலாம். வன்னியில் தெருவோரக் கொட்டகைகளில் 2017 முதல் போராடிவரும் தாய்மாரில் பலர் அந்தச் சான்றிதழையும் ஏற்பதில்லை. அதை வாங்கினால் தேடுதல் முடிந்துவிட்டதாக ஆகிவிடும் என்பது அவர்களுடைய அச்சம். என் அம்மாவும் அப்போது அதை வாங்க மறுத்தார், நானும் வற்புறுத்தவில்லை. சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் அம்மா சத்தியக்கடதாசி முடித்தார். அப்பா 2009 இலிருந்து காணாமற்போயிருக்கிறார், அவரிடமிருந்து எந்த வருமானமும் இல்லை என்பதே அதன் உள்ளடக்கம். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் கிராம அலுவலரின் கடிதமும் அதனுடன் இணைக்கப்பட்டன. அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. உங்கள் வீட்டிலும் இதே நிலை என்றால், இரண்டு வழிகளில் எதை எடுப்பது என்பதை உயர்தரப் பரீட்சை முடிந்ததுமே அம்மாவுடன் ஆறுதலாக இருந்து பேசுங்கள். கடைசி நாளுக்கு முதல் நாள், அலுவலக மேசைக்கு முன்னால், பின்னால் வரிசை நிற்கும்போது எடுக்கக்கூடிய முடிவு அல்ல அது. மரணச் சான்றிதழ் இல்லாவிட்டால் முடியாது என்று எவராவது சொன்னால், அதை எழுத்தில் தருமாறு பணிவாகக் கேளுங்கள். அப்படிக் கேட்ட பிறகு பலருடைய பதில் மாறியதை நான் கண்டிருக்கிறேன்.

பிறப்புச் சான்றிதழ் விடயமும் இப்படியானதுதான், ஆனால் சுருக்கமாகவே சொல்லலாம். இடப்பெயர்வில் மூலப்பிரதி தொலைந்தவர்கள் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து உறுதிப்படுத்தப்பட்ட பிரதிகளை எடுக்கலாம். பிறப்பே பதியப்படாதவர்களுக்கும் பதிவேடு கிடைக்காதவர்களுக்கும் வேறு நடைமுறைகள் இருக்கின்றன, அவற்றுக்குக் காலம் எடுக்கும். ஆகவே சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே இதைத் தொடங்க வேண்டும். எனக்கு வந்த தொல்லை பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் வந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. ஓர் எழுத்து வித்தியாசத்துக்காக இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று சத்தியக்கடதாசி முடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதே பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அதற்குப் பணம் எதுவும் போவதில்லை.

2020 மார்ச் 20 ஆம் திகதி ஊரடங்கு தொடங்கியபோது இந்த அலுவல்கள் எல்லாம் அரைகுறையாக நின்றுபோயின. அந்த இடைவெளி நீண்டுகொண்டே போனது. என்னுடன் சித்தியடைந்த ஒரு தோழி அந்தக் காலத்தில் கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்து, வீட்டில் அவளுடைய சம்பளம் பழகிப்போனதால், தெரிவு வந்தபின் போகவே இல்லை. அவளைத் தடுத்தது திறமைக் குறைவு அல்ல, காத்திருக்கும் மாதங்களைத் தாங்க வசதியில்லாமைதான். அந்த மாதங்களில் வேலைக்குப் போவதில் தவறே இல்லை. ஆனால் தெரிவு வந்ததும் விட்டுவிடுவேன் என்பதைச் சேரும்போதே வீட்டாரிடம் சொல்லி வைத்துவிட வேண்டும், சம்பளத்தில் ஒரு பகுதியைப் பல்கலைக்கழகத்துக்கென்று தனியே ஒதுக்க வேண்டும். நானும் அக்காலத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தேன். வந்த காசு வீட்டுச் செலவிலேயே கரைந்தது.

2021 இல் விரிவுரைகள் இணையவழியில் தொடங்கின. சூம் பார்க்கக்கூடிய கைப்பேசி எங்கள் வீட்டில் இருக்கவில்லை. கைப்பேசி, டேட்டா, பதிவு தொடர்பான பயணங்கள், பீடம் கேட்ட உபகரணங்கள் என்று கணக்குப் பார்த்ததில் உடனடியாக நாற்பதாயிரத்துக்கு மேல் தேவைப்பட்டது. அம்மாவின் நாட்கூலி அப்போது 1,000 ரூபாய், அதுவும் வேலை கிடைக்கும் நாளில் மட்டும். அந்த வாரத்தில்தான் ஒரு நுண்கடன் நிறுவனத்தின் ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து, பிள்ளையின் படிப்புக்கென்றால் உடனே தருகிறோம் என்றார். 50,000 ரூபாய் கடன். பதிவுச் செலவு, காப்புறுதி என்று கழித்துக் கையில் தந்தது 46,500. கிழமைக்கு 1,300 ரூபாய்ப்படி 52 கிழமைகள், மொத்தம் 67,600 ரூபாய் திருப்பிக் கட்டினோம். கட்டும் கிழமை தவறினால், ஒருவருக்கொருவர் பிணை நிற்கும் கடன் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் அம்மாவுக்காகக் கட்ட வேண்டும், அதனால் அவர்களுடைய முகத்தைப் பார்க்க அம்மா கூசினார். விரிவுரை நடந்துகொண்டிருக்கும்போது வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் என் கை தானாகவே ஒலிவாங்கியை நிறுத்திவிடும். அம்மா கொல்லைப்புறம் போய் நிற்பார், தம்பி முன்னால் வந்து "அம்மா இல்லை" என்பான். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பொய் சொல்ல வைத்துத்தான் நான் நுண்கணிதம் படித்தேன் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

இந்த இடத்தில் நிறுத்திச் சொல்கிறேன். பல்கலைக்கழகச் செலவுக்கு நுண்கடன் எடுக்காதீர்கள். ஊர்களில் உள்ள சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஆகியவற்றில் கடன் எடுப்பது இதைவிட எவ்வளவோ மேல். ஆனால் இவற்றில் அங்கத்தவராக இருந்து சில காலம் சந்தா கட்டியிருந்தால்தான் கடன் கிடைக்கும். பிள்ளை உயர்தரத்துக்கு வரும்போதே அம்மா அங்கத்தவராகிவிட்டால், பெறுபேறு வரும்போது கடன் பெறும் தகுதியும் வந்துவிடும். நகை ஏதாவது இருந்தால் தனியாரிடம் வைக்காமல் வங்கியில் அடைவு வையுங்கள். பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்துக்கு அதிபரின் கடிதத்துடன், என்ன பொருள் என்ன விலை என்று எழுதிக் கேளுங்கள். "உதவி வேண்டும்" என்று பொதுவாக எழுதிய கடிதத்துக்கு எனக்குப் பதிலே வரவில்லை. "பாவித்த மடிக்கணினி ஒன்று தேவை" என்று எழுதியதற்குப் பழைய மாணவர் ஒருவர் தன்னுடையதையே அனுப்பி வைத்தார். தெரிவானவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி விழா எடுக்கும் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அந்த மாலைக்கும் மேடைக்கும் போகும் பணத்தை அந்த முதல் மாதங்களுக்கான கைச்செலவாகப் பிள்ளையின் கையில் கொடுங்கள். எங்களுக்குப் பெருமையும் வேண்டும்தான், ஆனால் அதைவிட அவசரமாகப் பஸ் காசு வேண்டும்.

எங்கள் வீட்டுக்குள் சிக்னல் இல்லை. குளக்கட்டில் ஏறி மருத மரத்தடியில் இருந்தால் கிடைக்கும், மழை வந்தால் அன்றைய விரிவுரை போய்விடும். பல்கலைக்கழகங்களின் கற்றல் தளங்களை டேட்டாக் கட்டணமின்றிப் பார்க்கும் வசதி அப்போது இருந்தது, அதைச் சொல்லித் தந்தவர் ஒரு மூத்த மாணவர். இப்படியான சலுகைகள் பெரும்பாலும் மூத்தவர்கள் வாய்வழியாகவே தெரியவரும். ஆகவே தெரிவு வந்த அன்றே, அதே பீடத்தில் உங்கள் மாவட்டத்து அக்காவோ அண்ணாவோ யார் இருக்கிறார் என்று தேடிப் பிடியுங்கள். பேராதனையில் நேரில் சேர்ந்த பிறகு, வெள்ளிக்கிழமைகளில் குறிஞ்சிக்குமரன் கோயிலுக்குப் போனபோதுதான் நான் அப்படியானவர்களைச் சந்தித்தேன். பழைய வினாத்தாள்கள், வரைதல் உபகரணங்கள், எந்தக் கடையில் பிரதி எடுத்தால் மலிவு என்பது வரை எல்லாம் அங்கேதான் கிடைத்தன. உதவி செய்கிறேன் என்ற பெயரில் பகிடிவதைக்கு இழுப்பவர்களும் உண்டு. பகிடிவதை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் என்பதை அறிந்து வைத்திருங்கள்.

நேரில் வகுப்புகளுக்குப் போன காலம் 2022, நாடு நொடிந்திருந்த ஆண்டு. ஏ9 வீதி மாங்குளம் சந்தியிலிருந்து கண்டி வரை ஒரே வீதிதான், ஒரு பஸ் ஏறினால் போய் இறங்கிவிடலாம். ஆனால் அவ்வாண்டுத் தொடக்கத்தில் 17 ரூபாயாக இருந்த ஆகக்குறைந்த பஸ் கட்டணம் யூலையில் 40 ரூபாயானது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. வீட்டுக்கு வருவதை நிறுத்தினேன். விடுதி வாடகை மிகக் குறைவு என்பதால் தலைக்கு மேல் கூரை இருந்தது, சாப்பாடுதான் பிரச்சினை. மூன்று பேர் சேர்ந்து சமைக்கத் தொடங்கினோம். ஊரிலிருந்து அம்மா அனுப்பிய ஊர் நெல்லரிசியும் ஒடியல் மாவும் வறுத்த கச்சானும் அந்த மாதங்களை ஓட்டின. மகாபொல அப்போது மாதம் 5,000 ரூபாய். 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் அது 7,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதின்மூன்று ஆண்டுகள் தமிழில் படித்தவளுக்கு முதல் விரிவுரையே ஆங்கிலத்தில். கணக்குத் தெரியும், கேள்வி விளங்காது. வகுப்பில் கை உயர்த்துவதற்கு வெட்கம். அங்கே எனக்கு உண்மையில் உதவியது ஒரு வழிதான். உயர்தரப் பாடங்களுக்குத் தேசிய கல்வி நிறுவகம் வெளியிட்ட வளநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்து, ஏற்கெனவே தமிழில் நன்றாகத் தெரிந்த அதே அலகை ஆங்கிலத்தில் வாசித்தேன். பொருள் முன்பே தெரிந்திருந்ததால் சொற்கள் தாமாக மனதில் தங்கின. பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழகத் தொடக்கத்துக்கும் இடையில் ஒரு வருடத்துக்கு மேல் வெறுமனே காத்திருந்தேனே, அந்தக் காலத்தில் இதை யாராவது சொல்லியிருந்தால் முதல் பருவம் எனக்கு அவ்வளவு கண்ணீராக இருந்திராது. ஆங்கிலம் பேசப் பழகுவதற்கென்று பெரிய தொகை கட்டி வகுப்புக்குப் போவதைவிட, பெளதிகவியலையும் இணைந்த கணிதத்தையும் இப்படி ஆங்கிலத்தில் ஒரு தடவை படித்து முடிப்பது பொறியியல் பீடத்துக்குப் போகும் பிள்ளைக்குப் பயன் தரும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, உதவித்தொகை எப்போது கைக்கு வரும் என்பது. தெரிவுக் கடிதம் வந்தவுடன் மகாபொலவும் தொடங்கிவிடும் என்றுதான் நாங்கள் நினைத்தோம், ஊரில் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வருமானத் தகவல்கள் சரிபார்க்கப்பட்டு, தெரிவுப் பட்டியல் வந்து, பல்கலைக்கழகம் மாணவரின் வகுப்பு வரவை உறுதிசெய்து, பிறகுதான் கணக்குக்குப் பணம் வரும். இதற்குப் பல மாதங்கள் ஆகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். வந்த பிறகும் அது ஆண்டின் பன்னிரண்டு மாதங்களுக்கும் தரப்படுவதில்லை, பத்து மாதங்களுக்கே தரப்படும். மகாபொலப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அத்துடன் எல்லாம் முடிந்ததென்று இருந்துவிடாமல், வருமானம் குறைந்த மாணவர்களுக்கான உதவிப்பணத்துக்குப் பல்கலைக்கழக மாணவர் நலப் பிரிவில் விசாரியுங்கள், மேன்முறையீட்டுக்கு இடம் இருந்தால் திகதி தவறாமல் கொடுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு படிவத்தையும் கொடுக்கும் முன் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். என் படிவம் ஒன்று அலுவலகத்தில் காணாமற்போனபோது அந்தப் படம்தான் கைகொடுத்தது. முதல் கொடுப்பனவு வந்தபோது, கடன், அடைவு, கைமாற்று எல்லாம் சேர்த்து ஓர் இலட்சத்து இருபதாயிரத்துக்கு மேல் நாங்கள் செலவழித்திருந்தோம்.

இப்போது உயர்தரப் பெறுபேறு வெளியானதும் வரும் ஞாயிறுகளில், எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் நானும் வேறு சில பட்டதாரிகளும் இருந்து விண்ணப்பங்களைப் பார்த்துக் கொடுக்கிறோம், காசு வாங்குவதில்லை. உங்கள் ஊரிலும் இப்படி இருவர் மூவர் சேர்ந்தால் போதும், ஒரு மேசையும் கைப்பேசியில் டேட்டாவும் இருந்தால் தொடங்கலாம். வரும் பிள்ளைகளிடம் பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி, அடையாள அட்டை, பெறுபேற்றுத் தாள், படித்த பாடசாலைகளின் பெயர்களும் சேர்ந்து விலகிய திகதிகளும் எழுதிய அதிபரின் கடிதம், தம்பி தங்கை படிக்கிறார்கள் என்றால் அதற்கான பாடசாலைக் கடிதம் ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அம்மாவையோ அப்பம்மாவையோ யார் வளர்க்கிறாரோ அவரையும் கூடவே வரச் சொல்லுங்கள், ஏனென்றால் வருமானப் படிவத்தில் கையெழுத்து வைக்கப் போகிறவர் அவர், என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை வைக்கும் முன்பே அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.